இரண்டு கேபிள் போட்டும் வேகம் கூடவில்லையா? சுவிட்ச் போர்ட்டிலிருந்து தொடங்கும் பழுது தேடல்

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரை விடுதி ஒன்றின் முகாமையாளர் போன மாரியில் என்னை அழைத்தார். "தம்பி, வரவேற்பறைச் சுவிட்சுக்கும் பின்கட்டுச் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு கேபிள் போதாது. கமரா எல்லாம் விட்டுவிட்டு ஓடுகிறது. இன்னொரு கேபிள் இழுத்து இரண்டையும் சேர்த்துக் கட்டித் தாருங்கள்" என்றார்.

சுவிட்ச் என்றால் இங்கே கணினி, கமராக் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் வலையமைப்புப் பெட்டி; கேபிளைச் செருகும் துளைதான் போர்ட். போய்ப் பார்த்தேன். பின்கட்டில் 16 கமராக்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 6 மெகாபிட் அனுப்புமாறு அமைக்கப்பட்டிருந்தது. மொத்தம் 96 மெகாபிட். ஒரு ஜிகாபிட் கேபிளுக்கு இது பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் அந்த இணைப்பின் விளக்கு செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சுவிட்சில் பச்சை என்றால் 1000 மெகாபிட் (ஒரு ஜிகாபிட்), செம்மஞ்சள் என்றால் 100. தொண்ணூற்றாறை நூறுக்குள் திணித்தால் கமராப் படம் தடுக்காமல் என்ன செய்யும்? கேபிளின் ஒரு முனையில் கனெக்டரை வெட்டியெறிந்து புதிதாக ஒன்று அடித்தேன். விளக்கு பச்சையானது. இரண்டாவது கேபிளுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

இணைப்புகளைச் சேர்த்துக் கட்டித் தரச் சொல்லி வரும் அழைப்புகளில் பல இப்படித்தான் முடிகின்றன. அதனால்தான் இதை இரண்டு பகுதியாக எழுதுகிறேன். முதலில் தனிப் போர்ட்டின் நோய்கள், அதன் பிறகே சேர்த்துக் கட்டியதன் நோய்கள். நோயுள்ள இரண்டு கேபிள்களைக் கட்டினால் நோயும் இரட்டிக்கும். கண்டுபிடிப்பதும் இரண்டு மடங்கு கடினமாகும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. பல கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாக நடத்துவதை இங்கே 'திரட்டு' என்று எழுதுகிறேன். சிஸ்கோ இதற்கு ஈதர்சேனல் என்று பெயர் வைத்திருக்கிறது. மைக்ரோடிக்கிலும் லினக்ஸிலும் பாண்டிங். ஹெச்.பி.யின் பழைய சுவிட்சுகளில் டிரங்க். சிஸ்கோவிலோ டிரங்க் என்றால் பல வி.லேன்களை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி வலையமைப்புகளை) சுமக்கும் இணைப்பு. அதற்கும் திரட்டுக்கும் தொடர்பே இல்லை. ஒரு முனையில் சிஸ்கோவும் மறுமுனையில் ஹெச்.பி.யும் இருக்கும் இடத்தில் இந்த ஒரு சொல்லால் அரை நாள் வீணாவதைக் கண்டிருக்கிறேன். தொலைபேசியில் ஆலோசனை கேட்கும்போது எந்த நிறுவனத்தின் சுவிட்ச் என்பதை முதலில் சொல்லுங்கள்.

விளக்கே எரியவில்லை

கேபிளைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் வேறொரு போர்ட்டில் செருகுங்கள். அங்கே எரிந்தால் கேபிள் நலம், போர்ட்டில்தான் சிக்கல். நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, அந்த போர்ட் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கையால் நிறுத்தியிருக்கலாம். கேபிள்கள் சுற்றி இணைந்து வளையம் உருவானதைக் கண்டு சுவிட்ச் தானே பூட்டியிருக்கலாம். தானே பூட்டியதென்றால் காரணத்தைத் தீர்க்காமல் திறக்காதீர்கள்; மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி முழங்கும் நாட்களுக்குப் பிறகு வரும் அழைப்புகள் வேறு வகை. நான்கைந்து போர்ட்டுகள் வரிசையாகச் செத்திருக்கும். சில போர்ட்டுகளில் எதையும் செருகாமலே விளக்கு எரியும். அவற்றைத் திருத்த முடியாது. போர்ட்டின் மேல் நாடா ஒட்டிவிட்டு வேறு போர்ட்டுக்கு மாறுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெட்டவெளியில் செப்புக் கேபிள் போயிருந்தால், அடுத்த இடிமழைக்கு முன் அதை ஒளியிழையாக மாற்றச் சொல்லி வற்புறுத்துவேன். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு கட்டடத்தில் விழுந்த மின்னல் மற்றக் கட்டடத்துச் சுவிட்சை அதன் வழியாக எட்டாது.

ஒளியிழையில் விளக்கு எரியாவிட்டால், இரு முனைகளிலும் செருகியிருக்கும் எஸ்.எஃப்.பி. (ஒளியிழையைச் சுவிட்சோடு இணைக்கும் சிறு செருகி) ஒரே வகையா என்று பாருங்கள். 850 நானோமீட்டர் ஒளி ஒரு பக்கமும் 1310 மறுபக்கமும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது. வகை சரியென்றால் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஒரு முனையில் அனுப்புவது மறுமுனையில் வாங்குவதற்குப் போகவேண்டும்.

ஜிகாபிட் போர்ட், ஆனால் 100 மட்டும்

திருகோணமலையில் நான் அதிகம் சந்திக்கும் பழுது இதுதான். காரணம் கேபிளுக்குள் இருக்கிறது.

ஒரு கேபிளில் நான்கு சோடிக் கம்பிகள். 100 மெகாபிட் ஈதர்நெட் இரண்டு சோடிகளை மட்டும் பயன்படுத்துகிறது. கனெக்டரில் அவை 1, 2, 3, 6 என்ற இடங்கள். வழக்கமான 568பி நிற ஒழுங்கில் செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும். 1999இல் தரமாக்கப்பட்ட செப்பு ஜிகாபிட்டுக்கு நான்கு சோடிகளும் வேண்டும். நீலத்திலோ மண்ணிறத்திலோ ஒரு கம்பி விட்டுப்போனால், பெரும்பாலான கருவிகள் ஜிகாபிட்டை முயன்று தோற்று, மிச்சமுள்ள இரண்டு சோடிகளில் 100 ஆக இறங்கிவிடும். இணையம் வரும், மின்னஞ்சல் போகும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். கமராவோ பெரிய கோப்போ வரும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே 100 என்று கண்டால் நீலமும் மண்ணிறமும்தான் என் முதல் சந்தேகம். எங்கே விட்டுப்போயிருக்கும்?

கடலோரக் கட்டடங்களில் கனெக்டரின் ஊசிகளைத் துடைத்துப் பாருங்கள். உப்புக் காற்று மலிவான கனெக்டரின் மெல்லிய பொன் பூச்சைத் தாண்டி உள்ளே போய்விடும். பச்சை பூத்த ஊசி ஒன்று போதும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் திறந்த வராந்தாவில் சுவிட்சைத் தொங்கவிட்டிருக்கும் விடுதிகளில் இது வாடிக்கை. கனெக்டரை மாற்றினால் கேபிள் பிழைக்கும். போர்ட்டின் உள்ளேயும் பூத்திருந்தால் அந்த போர்ட்டைக் கைவிடவேண்டியதுதான்.

செம்பு என்ற பெயரில் விற்கப்படும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் இன்னொரு காரணம். விலை மிகக் குறைவாகவும் பெட்டி தூக்க இலேசாகவும் இருந்தால், கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் வாங்காதீர்கள். இரண்டு முறை வளைத்தால் முறியும். தூரம் கூடினால் குறிகை தளரும். கமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் சூடாகும்.

மூன்றாவது காரணத்தைப் பழைய கட்டடங்களில் காணலாம். முன்பு வந்தவர் ஒரே கேபிளின் நீலச் சோடியைப் பிரித்துத் தொலைபேசிக்குக் கொடுத்திருப்பார். அல்லது ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு கணினிகளுக்கு ஓட்டியிருப்பார். அந்தக் காலத்துக்கு அது போதுமாக இருந்தது. சுவர்ப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் இது தெரியவராது.

இவை எதுவும் இல்லையென்றால் சுவிட்சின் பெட்டியை வாசியுங்கள். கமராவுக்கு மின்சாரம் தரும் மலிவான சுவிட்சுகளில் கமராப் போர்ட்டுகள் 100 ஆகவும், அடுத்த சுவிட்சுக்குப் போகும் மேலிணைப்புக்கான இரண்டு மட்டும் ஜிகாபிட்டாகவும் இருப்பதுண்டு. மேலிணைப்பைத் தவறான போர்ட்டில் செருகியிருந்தால், சரியான போர்ட்டுக்கு மாற்றினாலே வேலை முடிந்தது.

விளக்கு பச்சை, பிங் நன்றாக இருக்கிறது, பெரிய கோப்பு மட்டும் நகர மறுக்கிறது

பிங் என்பது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி. அது சரியாக இருந்தால் போர்ட்டின் எண்ணிகளைப் பாருங்கள். நிர்வாக வசதியுள்ள எந்தச் சுவிட்சிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு புள்ளிவிவரப் பக்கம் இருக்கும். முதலில் எண்ணிகளைப் பூச்சியமாக்குங்கள். பிறகு பத்து நிமிடம் ஒரு பெரிய கோப்பை ஓடவிட்டு மீண்டும் பாருங்கள். ஆறு மாதம் சேர்ந்த பழைய எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை. இப்போது ஏறுகிறதா என்பதே கேள்வி.

சி.ஆர்.சி. பிழை ஏறினால், சட்டகம் (கேபிளில் போகும் தரவுத் துண்டு) வழியில் சிதைந்து வந்துசேர்கிறது. ஒரு முனையில் சி.ஆர்.சி.யும் மறுமுனையில் 'தாமத மோதல்' என்ற எண்ணும் சேர்ந்து ஏறினால், அது டூப்ளெக்ஸ் பொருந்தாமை: ஒரு முனை ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்கிறது (முழு), மற்றது மாறிமாறித்தான் செய்கிறது (அரை). ஒரு முனையை யாரோ கையால் '100, முழு டூப்ளெக்ஸ்' என்று பூட்டியிருக்கிறார். மறுமுனை தானியங்கியில், அதாவது எதிர்முனையோடு பேரம் பேசி வேகத்தை முடிவுசெய்யும் அமைப்பில் இருக்கிறது. பூட்டிய முனை பேரம் பேசாததால், தானியங்கி முனை வேகத்தை மட்டும் ஊகித்து அரை டூப்ளெக்ஸில் நின்றுவிடும். ஒற்றை பிங் சுகமாகப் போய்வரும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதும் சரிந்துவிடும். இரண்டு முனைகளையும் தானியங்கிக்கு மாற்றுங்கள். செப்பு ஜிகாபிட்டுக்குத் தானியங்கிப் பேரம் கட்டாயம். கையால் பூட்டும் பழக்கம் பழைய கருவிகளின் காலத்தோடு போகவேண்டியது.

சி.ஆர்.சி. மட்டும் ஏறி, கேபிள் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தால், சோடி பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிற ஒழுங்கை மனதில் கொள்ளாமல், இரு முனைகளிலும் ஒரே மாதிரி இருந்தால் போதுமென்று அடித்த கனெக்டர்களில் 3உம் 6உம் வெவ்வேறு சோடியிலிருந்து வந்திருக்கும். தொடர்ச்சி இருப்பதால் விளக்குக் கருவி 'சரி' என்று சொல்லும். ஆனால் சோடி முறுக்கப்பட்டிருப்பதன் நோக்கமே இரைச்சலை ஒன்றுக்கொன்று கழிப்பதற்குத்தான். சோடி கலைந்தால் அது நடக்காது. மூன்று மீட்டரில் தெரியாது, அறுபது மீட்டரில் தெரியும். கனெக்டருக்குள் நிறங்களைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள். இதற்கு அதைவிட மலிவான சோதனை இல்லை. செப்பில் எல்லை 100 மீட்டர் என்பதையும் மறக்கவேண்டாம்.

இரண்டாவது கேபிளைச் செருகியதும் எல்லாம் நின்றுவிட்டது

எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல மின்னினால், அது வளையம். இப்போது செருகிய கேபிளைப் பிடுங்குங்கள். சில நொடிகளில் உயிர் திரும்பும்.

ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட ஒரு சட்டகம் இரண்டு கேபிள்களின் வழியே சுற்றத் தொடங்கினால் தானாக நிற்காது, பெருகும். வளையத்தைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை இயங்கும் சுவிட்சுகள் இரண்டில் ஒரு கேபிளை அடைத்துவிடும். அதனால் நிற்காது, ஆனால் வேகமும் கூடாது. நிர்வாக வசதியில்லாத சுவிட்சுகளில் அந்தக் காவல் பெரும்பாலும் இல்லை. அவற்றில் திரட்டும் அமைக்க முடியாது. இரண்டு கேபிள் போட்டால் இரண்டு மடங்கு என்று நம்பி, சாதாரண எட்டுப் போர்ட் சுவிட்சுகளுக்கிடையே இரட்டைக் கேபிள் போட்ட ஒரு தனியார் வகுப்பு நிலையத்தில், பரீட்சைக்கு முதல் நாள் மாலை முழுவதும் ஒரு கணினியும் இயங்கவில்லை. பிள்ளைகள் காத்திருந்ததைப் பார்த்தபோது மனம் கனத்தது.

திரட்டு அமைக்கும் ஒழுங்கு இது: ஒரு கேபிள் மட்டும் இருக்கும்போதே முதலில் தொலைவான சுவிட்சில் திரட்டை உருவாக்குங்கள், அடுத்து அருகிலுள்ள சுவிட்சில். இரு முனையும் ஆயத்தமான பின்பே இரண்டாவது கேபிள். தொலைவில் இருப்பதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், நடுவில் தொடர்பு அறுந்தால் பக்கத்தில் இருப்பதைக் கையால் திருத்தலாம். நிலாவெளியிலிருந்து நகரத்துக்குத் திரும்பி ஓடவேண்டியதில்லை.

திரட்டு அமைத்தாயிற்று; ஒரு கேபிளில் மட்டும் ஓட்டம்

இரண்டு சுவிட்சுகளும் 'நாம் திரட்டில் இருக்கிறோம்' என்று தமக்குள் உறுதி செய்துகொள்ளும் நெறிமுறைக்கு எல்.ஏ.சி.பி. என்று பெயர். 2000இல் 802.3ஏடி என்ற தரத்தில் வந்தது; 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரமானது. பழைய பெயர்தான் இன்னும் பல பெட்டிகளில் அச்சாகிறது. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்.ஏ.சி.பி.யில் முனைக்கு இரு குணம் உண்டு: முன்வந்து பேசுவது ஒன்று, பேசினால் பதில் சொல்வது மற்றது. இரண்டு முனைகளும் 'பேசினால் பதில் சொல்வேன்' என்று காத்திருந்தால் திரட்டு ஒருநாளும் உருவாகாது. குறைந்தது ஒரு முனை முன்வரவேண்டும். நான் இரண்டையும் முன்வரும்படி வைத்துவிடுவேன்.

அது சரியாக இருந்தும் ஒரு கேபிள் வெளியே நின்றால், நிலைப் பக்கத்தில் மறுமுனையின் அடையாளத்தைப் பாருங்கள். அது முழுவதும் பூச்சியமாக இருந்தால் அந்தக் கேபிளில் எல்.ஏ.சி.பி. பேசுபவர் எவரும் இல்லை. தவறான போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள், அல்லது நடுவில் இன்னொரு சுவிட்சோ வானலைப் பாலமோ இருக்கிறது. எல்.ஏ.சி.பி.யின் செய்தி அடுத்த வீட்டோடு நிற்கும்; தரத்தைப் பின்பற்றும் எந்தச் சுவிட்சும் அதைக் கடத்திவிடாது. லினக்ஸ் சேவையகமாக இருந்தால் பாண்டிங் நிலைக் கோப்பில் ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு திரட்டு எண் தெரியும். இரண்டு கேபிளும் வெவ்வேறு எண்ணில் இருந்தால், அவை ஒரே திரட்டில் சேரவில்லை.

அடையாளம் தெரிந்தும் சேராவிட்டால், போர்ட்டுகள் ஒன்றுபோல இல்லை. ஒன்று 1000இலும் மற்றது 100இலும் நின்றால் சேராது. முதல் பகுதியை எழுதியதற்கு இது இன்னொரு காரணம். வி.லேன் பட்டியல் வேறுபட்டாலும் பல சுவிட்சுகள் சேர்க்க மறுக்கும். இரண்டு போர்ட்டையும் அழித்து ஒன்றாக மீண்டும் எழுதுங்கள். தனித்தனியாகத் திருத்திக்கொண்டிருப்பதை விட வேகமாக முடியும்.

இரண்டு கேபிளும் இரண்டு தனிச் சுவிட்சுகளுக்குப் போகின்றன என்றால், அந்த இரண்டும் அடுக்கு முறையில் ஒன்றாக இணைக்கப்பட்டவையாகவோ, ஒரே சுவிட்சாக நடிக்கத் தெரிந்தவையாகவோ இருக்கவேண்டும். சாதாரணச் சுவிட்சுகளில் முடியாது.

சில கணினிகளுக்குக் கிடைக்கிறது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை

பயனாளிகள் மிகவும் குழம்பும் அறிகுறி இது. காசாளரின் கணினி சேவையகத்தை எட்டுகிறது, பக்கத்து மேசை எட்டவில்லை. கணினியை மாற்றிப் பார்ப்பார்கள், வைரஸ் தேடுவார்கள். நோய் அங்கே இல்லை.

எல்.ஏ.சி.பி. இல்லாமல் கையால் 'சேர்ந்திரு' என்று பூட்டிய நிலையான திரட்டில் இது நிகழும். ஒரு முனை திரட்டு என்று நம்பி இரண்டு கேபிளிலும் பங்கிட்டு அனுப்புகிறது. ஒரு கேபிள் மறுமுனையில் தவறான இடத்துக்குப் போகிறது, அல்லது நடுவில் செப்பையும் ஒளியிழையையும் இணைக்கும் மாற்றிப் பெட்டி செத்துவிட்டது. ஆனால் இந்தப் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. விளக்கு எரியும்வரை நிலையான திரட்டு எதையும் சந்தேகிக்காது. அந்தக் கேபிளின் பங்கில் விழுந்தவர்களின் பொட்டலங்கள் எல்லாம் பாழுங்கிணற்றில் விழும்.

ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பாருங்கள். ஒன்றைக் கழற்றியதும் எல்லோருக்கும் கிடைத்தால் அதுதான் குற்றவாளி. பிறகு எல்.ஏ.சி.பி.க்கு மாறுங்கள். அது ஒவ்வொரு கேபிளிலும் மெதுவான அமைப்பில் 30 நொடிக்கு ஒருமுறையும் விரைவான அமைப்பில் நொடிக்கு ஒருமுறையும் நலம் விசாரிக்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தக் கேபிளை வெளியேற்றிவிடும். மாற்றிகள் நடுவில் இருக்கும் இடங்களில் விரைவானதைத் தேர்ந்தெடுங்கள். 90 நொடி காத்திருப்பது கடையில் வரிசை நிற்கும்போது மிக நீண்ட நேரம்.

எல்லாம் பச்சை, திரட்டும் சேர்ந்திருக்கிறது, வேகம் மட்டும் கூடவில்லை

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வாகனங்கள் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போயின. ஒரு பாதை ஓடும் இடத்தில் இரண்டு விட்டால், ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்கு லொறிகள் கடக்கும். ஆனால் ஒரு லொறி அக்கரை சேர எடுக்கும் நேரம் குறையாது. ஒரு லொறியைப் பாதி இதிலும் பாதி அதிலும் ஏற்றவும் முடியாது. திரட்டும் இதையேதான் செய்கிறது.

ஒரே உரையாடலின் சட்டகங்களை இரண்டு கேபிள்களில் மாறிமாறி அனுப்பினால் பின்னால் புறப்பட்டது முன்னால் வந்து சேரலாம். வரிசை கலையக் கூடாது என்பது தரத்தின் விதி. ஆகவே சுவிட்ச் ஒவ்வொரு சட்டகத்தின் முகவரிகளையும் எடுத்து ஒரு சிறு கணக்குப் போட்டு, விடைக்கேற்பக் கேபிளைத் தேர்கிறது. முகவரி ஒன்றென்றால் விடையும் ஒன்று, கேபிளும் ஒன்று. இரண்டு ஜிகாபிட் திரட்டில் ஒரு ஆள் ஒரு கோப்பை இழுத்தால், உச்சம் ஒரு ஜிகாபிட்தான். நடைமுறையில் ஏறக்குறைய 940 மெகாபிட். இது பழுதே இல்லை.

பழுது எங்கே என்றால், பலர் ஒரே நேரத்தில் இழுத்தும் ஒரு கேபிள் நிரம்பி மற்றது சும்மா கிடப்பதுதான். இரண்டு போர்ட்டின் அனுப்பிய பைட் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திருகோணமலை நகரத்தில் கலியாண வீடியோ தொகுக்கும் ஒரு நிலையம். நான்கு தொகுப்புக் கணினிகள், ஒரு கோப்புச் சேவையகம். சேவையகத்துக்கு இரண்டு கேபிள் திரட்டு. நான்கு பேரும் ஒரே கேபிளில் நெருங்கினார்கள். சேவையகத்தின் ஐ.பி. முகவரி 10இல் முடிந்தது. கணினிகளோ 21, 23, 25, 27. ஒற்றை எண்களை ஒருவர் நேர்த்திக்காகக் கொடுத்திருந்தார். அந்தச் சுவிட்ச், இரண்டு கேபிள் இருக்கும்போது, இரு முகவரிகளின் கடைசி பிட்டை ஒப்பிட்டு, ஒன்றானால் முதல் கேபிள், வேறானால் இரண்டாவது என்று முடிவெடுக்கும் வகை. பத்து இரட்டை, நான்கு கணினிகளும் ஒற்றை. எல்லாம் இரண்டாவது கேபிளுக்கே போயின. இரண்டு கணினிகளின் முகவரியை 22, 24 என்று மாற்றினேன். அதே கருவிகள், அதே கேபிள்கள், அன்று பின்னேரமே நிலையத்தின் இழுபறி தீர்ந்தது. எந்தச் செலவுமில்லாமல் கிடைத்த அந்தத் தீர்வு எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

எந்த முகவரியை வைத்துக் கணக்குப் போடுவது என்பதைப் பல சுவிட்சுகளில் நாமே தேர்ந்தெடுக்கலாம். மேக் முகவரி (வலையமைப்பு அட்டையின் சொந்த எண்), ஐ.பி. முகவரி, ஐ.பி.யோடு நெறிமுறைப் போர்ட் எண் (செயலியைக் குறிக்கும் எண், கேபிள் செருகும் போர்ட் அல்ல) என்று மூன்று நிலை. வழிச்செலுத்தியை (ரவுட்டரை) நோக்கிப் போகும் திரட்டில் மேக் முகவரியை வைத்தால் பெரும் தவறு. ஒரு சேவையகம் வெளி வலையமைப்புகளுக்கு அனுப்பும் எல்லாச் சட்டகங்களிலும் வழிச்செலுத்தியின் ஒரே மேக் முகவரிதான் இருக்கும். எத்தனை பேருக்கு அனுப்பினாலும் ஒரே கேபிள். அங்கே ஐ.பி.க்கு மாற்றுங்கள். லினக்ஸ் பாண்டிங்கில் நாமாக மாற்றாவிட்டால் மேக் முகவரிதான் இருக்கும் என்பதால், சேவையகம் அமைப்பவர்கள் இதைக் கவனித்தே ஆகவேண்டும்.

கேபிளைத் தேர்வது அனுப்புபவர். சேவையகத்திலிருந்து வெளியேறும் போக்குவரத்தைச் சேவையகத்தின் கணக்கு பங்கிடுகிறது. சேவையகத்துக்குள் வரும் போக்குவரத்தைச் சுவிட்சின் கணக்கு. ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டு 'பதிவிறக்கம் சரி, பதிவேற்றம் சரியில்லை' என்று சொல்பவர்களின் சிக்கல் அநேகமாக இதுவே.

மூன்று கேபிள் போட்டவர்களுக்கு: சில சுவிட்சுகள் விடைகளை எட்டுப் பங்காகப் பிரிக்கும். மூன்று கேபிளுக்கு அது 3, 3, 2 என்று விழும். சமமாக வராது. அப்படிப்பட்ட சுவிட்சுகளில் இரண்டோ நான்கோ போடுவது நல்லது.

சோதிக்கும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவியில் எட்டு ஓட்டங்களை ஒரே நேரத்தில் விட்டும் 940ஐத் தாண்டவில்லை என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். எட்டும் ஒரே இரண்டு கணினிகளுக்கு நடுவே ஓடினால், மேக்கும் மாறாது, ஐ.பி.யும் மாறாது. போர்ட் எண்ணும் கணக்கில் சேர்ந்தால்தான் பிரியும். இரண்டு தனிக் கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் சோதிப்பதே நேர்மையான சோதனை. அதிலும் இரண்டும் ஒரே கேபிளில் விழுந்தால் ஒன்றின் முகவரியை மாற்றி மீண்டும் பாருங்கள்.

ஒரே ஆளுக்கு, ஒரே கோப்புக்கு வேகம் வேண்டும்

அப்படியானால் திரட்டு உங்களுக்கு மருந்தில்லை. 2016இல் தரமாக்கப்பட்ட 2.5 ஜிகாபிட் போர்ட்டுகள், ஒழுங்காக அடிக்கப்பட்ட கேட் 5ஈ கேபிளிலேயே ஓடும். சுவரை உடைக்காமல் சுவிட்சையும் கணினியின் அட்டையையும் மாற்றினால் போதும். சேவையகத்துக்கு மட்டும் எஸ்.எஃப்.பி. பிளஸ் வழியாக 10 ஜிகாபிட் ஒரு கேபிள் கொடுப்பது, நான்கு கேபிள் திரட்டை விட எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறது என்பது என் அனுபவம்.

இரு முனையிலும் விண்டோஸ் என்றால் இன்னொரு வழி உண்டு. விண்டோஸ் 8, சேவையகம் 2012 முதல் வந்த எஸ்.எம்.பி. மல்டிசேனல் என்ற கோப்புப் பகிர்வு வசதி, திரட்டில் கட்டப்படாத இரண்டு தனிக் கேபிள்களில் ஒரே கோப்பைத் தானே பிரித்து அனுப்பிச் சேர்த்துக்கொள்ளும். அதற்குத் திரட்டைக் கலைக்கவேண்டியிருக்கும், தயங்காமல் கலையுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் வன்தட்டையும் பாருங்கள். ஒற்றைச் சுழல் வன்தட்டு ஒரு ஆளுக்கே ஒரு ஜிகாபிட்டைச் சற்றுத் தாண்டித்தான் கொடுக்கும். நான்கு பேர் வெவ்வேறு கோப்பைக் கேட்டால் அதன் முனை ஓடித்திரிந்தே களைத்துவிடும். அங்கே கேபிளில் எந்தக் குறையும் இல்லை.

திரட்டு போட்ட பின்னும் இணையம் வேகமாகவில்லை

ஆகாது. வெளியே போகும் இணைப்பு 100 மெகாபிட் என்றால், உள்ளே எத்தனை கேபிள் கட்டினாலும் அது 100தான்.

ஒரு கேபிள் கழன்றாலும் நிற்காது என்றார்கள், ஆனால் நிற்கிறது

ஒப்படைக்கும் முன் யாரும் சோதிக்காத திரட்டு இது. 'குறைந்தபட்ச இணைப்பு' என்ற அமைப்பில் 2 என்று இருந்தால், ஒன்று கழன்றதும் முழுத் திரட்டும் கீழே போய்விடும். அதை 1 ஆக்குங்கள். இரண்டு கேபிளும் ஒரே குழாயில், ஒரே கூரைக்கடியில் ஓடினால் எலி ஒன்று இரண்டையும் சேர்த்தே அறுக்கும். முடிந்தவரை வெவ்வேறு பாதையில் இழுங்கள்.

சோதனை எளிது. உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கணினியில் சேவையகத்துக்கு இடைவிடாத பிங் ஓடட்டும். முதல் கேபிளைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு பதில்கள் தவறித் தொடரவேண்டும். மீண்டும் செருகி, நிலைப் பக்கத்தில் அது திரட்டில் சேர்ந்துவிட்டது என்று கண்ட பிறகு இரண்டாவதைக் கழற்றுங்கள். முதலாவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கணினியின் ஓட்டம் எந்தக் கேபிளில் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. சும்மா கிடந்த கேபிளை மட்டும் கழற்றிப் பார்த்திருக்கலாம். இரண்டும் தேறியதும் இரு முனைகளிலும் ஒரே எண்ணிட்ட சீட்டு ஒட்டி, எந்த போர்ட்டுக்கு எந்த போர்ட் என்று ஒரு தாளில் எழுதிச் சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். மாரியில் ஈரம் ஏறும், ஆகவே தாளின் மேல் பிளாஸ்டிக் உறை போடுங்கள்.